யார் முகத்திலும் தங்காதே

படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். மகனைப் பார்த்து, "சரியாச் சொல்லிட்டப்பா," என்றார். மருமகள் பக்கம் திரும்பி, "நீயும்தாம்மா," என்றார். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு மனிதருக்குப் பயந்துதான் இத்தனை நாள் படத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார்கள்.

அவன் இயக்குநர். அவள் அவனுடைய படங்களை வெட்டி ஒட்டும் எடிட்டர். படம் அவனுடைய அக்காவைப் பற்றியது. மருந்துக் கடையில் வேலை பார்த்த அக்கா, சில வருடங்களுக்கு முன் ஒரு பிற்பகல் வேலை முடிந்து திரும்பி, தன் வீட்டுக் கதவைத் திறக்கும்போது கொல்லப்பட்டாள். சாவி பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நகை போகவில்லை, பை போகவில்லை. யார் செய்தது, எதற்குச் செய்தது, இன்றுவரை தெரியாது. போலீஸ் எல்லோரையும் விசாரித்தது. அக்காவின் கணவரை மட்டும் நாலைந்து நாள் உட்கார வைத்து விசாரித்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த நேரத்தில் ஊரின் மறுகோடியில், ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் தனியாக வேலை செய்துகொண்டிருந்ததாகச் சொன்னார். குழிக்குள் தனியாக இருந்தவனுக்கு யார் சாட்சி சொல்வது? கடைசியில் அவரையும் விட்டுவிட்டார்கள். வழக்கு அப்படியே படுத்துவிட்டது.

மாமனார் அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். மீட்டர் ஓடுகிற வேகத்தை வைத்தே அந்த வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்லிவிடுவேன் என்பார். துப்பறியும் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. பாதிப் புத்தகத்திலேயே கொலைகாரனைப் பிடித்துவிடுவார். பிடித்தால் சும்மா இருக்கமாட்டார். நூலகப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் 'இவன்தான்' என்று எழுதி, ஒரு கோடும் போட்டுவிடுவார். அடுத்து அதை எடுத்துப் போனவர்கள் நூலகரிடம் சண்டைக்கு வந்தார்கள். நூலகர் கையெடுத்துக் கும்பிட்டு, உள்ளே உட்கார்ந்து படியுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

மகள் போன பிறகு அவர் கதை படிப்பதை நிறுத்திவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் முன்னைவிட அதிகமாகப் படித்தார். ஆனால் ஓரத்தில் எதுவும் எழுதுவதில்லை.

மகன் எடுத்த படம் முதல் பாதியில் அவருக்குப் பழக்கமான படம்தான். ஒரு பிணம், ஒரு இன்ஸ்பெக்டர், சந்தேகப்பட ஆறு பேர். இன்ஸ்பெக்டர் ஆறு பேரையும் ஒரே அறைக்கு வரவழைக்கிறார். கதவைச் சாத்துகிறார். கொலைகாரன் இந்த அறையில்தான் இருக்கிறான் என்று சொல்லவேண்டிய இடத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மீதிப் படம் முழுக்க அந்த ஆறு பேரும் அதே அறையில் இருக்கிறார்கள். எப்படி எழுந்து போவது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் எழுந்து போகிறவன் மேல்தான் சந்தேகம் விழும். ஒருத்தி அழுகிறாள், ஒருவர் குறட்டை விடுகிறார், ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டே, பசிக்கிறது என்கிறார். கடைசிவரை கொலைகாரன் யார் என்று படம் சொல்வதில்லை. தெரியாது என்பதோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது, அதுதான் படம் என்று அவன் சொல்லுவான்.

அதற்காக இருவரும் ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். யார் முகத்திலும் தங்காதே. கொலைக் கதை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு வார்த்தை தேவையில்லை. அறையில் ஒருவர் பேசும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் முகத்தில் மட்டும் படம் ஒரு மூச்சு கூடுதலாக நின்றால் போதும், அவன்தான் என்று முடிவு கட்டிவிடும். அதனால் ஆறு முகங்களையும் அவள் அளந்து வெட்டினாள். ஒருவருக்குக் கொடுத்த நேரம்தான் இன்னொருவருக்கும். குழந்தைகளுக்கு மிட்டாய் பிரிப்பது மாதிரி என்று அவன் கேலி செய்வான்.

ஒரே ஒரு இடத்தில் அவள் விதியை மீறினாள்.

படத்தில் ஒருத்தி, இறந்தவளின் செருப்பு இன்னும் வாசலில்தானே கிடக்கிறது, அதை யார் உள்ளே எடுத்து வைப்பது என்று கேட்பாள். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். இறந்தவளின் கணவனாக நடித்தவர் வாசல் பக்கம் பார்ப்பார், பிறகு தலையைக் குனிந்துகொள்வார். அதை வெட்டும்போது அவளுக்கு அண்ணாவின் ஞாபகம் வந்தது. நாத்தனாரின் கணவரை அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அடக்கம் முடிந்து வந்த அன்று அண்ணா இப்படித்தான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போலீஸ், வழக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அன்று பார்க்காமல் விட்டதை இன்றாவது பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த முகத்தில் நின்றாள். மற்ற முகங்களுக்குக் கொடுத்ததைப்போல இரண்டு பங்கு நேரம் நின்றாள். கணவனிடம் சொல்லவும் இல்லை. அவனும் கவனிக்கவில்லை.

மாமனார் கவனித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதான் அது தெரியவந்தது. மாமனார் குடியிருப்பது அதே கட்டடத்தில், இவர்களுக்கு இரண்டு மாடி கீழே. லிஃப்ட் இல்லாத கட்டடம். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவர் மாமனார் வீட்டுக்கு மூச்சு வாங்கப் படியேற வேண்டியிருக்கிறதே என்பது அந்தக் குடும்பத்தின் பழைய கேலி. அக்கா இருந்தவரை இருவரும் சேர்ந்து ஏறி வந்த படியில், அவள் போன பிறகும் ஒரு ஞாயிறு தவறாமல் அண்ணா ஏறி வந்தார். வந்தால் பெரிதாகப் பேச்சு இருக்காது. ஒழுகும் குழாயைச் சரிசெய்வார். மாமனாரின் மாத்திரை டப்பாவை நிரப்புவார். பிறகு இருவரும் காப்பியை வைத்துக்கொண்டு அக்காவைப் பற்றிப் பேசுவார்கள். செத்துப்போனவளைப் பற்றி இல்லை; வாய் ஓயாமல் பேசிய, உப்பு போட மறந்த, எதிர்வீட்டுப் பூனையோடு சண்டை போட்ட அக்காவைப் பற்றி.

அன்று அவள் காய்கறிப் பையோடு ஏறி வந்தபோது அண்ணா படியில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா தூங்கறார் போல," என்றார். "பெல் அடிச்சேன். திறக்கல. இருக்கட்டும், எழுந்திருக்கட்டும்."

உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இருவருக்கும் கேட்டது. அவர்தான் முதலில் எழுந்தார். மாத்திரைப் பொட்டலத்தை அவள் பையில் போட்டுவிட்டு, வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவள் தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள். மாமனார் சாய்வு நாற்காலியில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். முகம் தெளிவாக இருந்தது. சவரம் செய்திருந்தார். அப்படித் தெளிந்த முகத்தை அவள் பார்த்துச் சில வருடமாயிற்று.

"போயிட்டானா அந்த ஆளு?" என்றார்.

மாப்பிள்ளை என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் வந்து அவள் கேட்டதில்லை. ஒரு கணம் யாரைச் சொல்கிறார் என்றே புரியவில்லை. பிறகு அவர் விளக்கினார். மெதுவாக, மீட்டர் கணக்குச் சொல்கிற குரலில். என் பிள்ளை பெரிய கெட்டிக்காரன், வெளிப்படையாகச் சொன்னால் வழக்கு வம்பு என்று பூடகமாகச் சொல்லியிருக்கிறான். செருப்பு என்றதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், அவன் ஒருவன் மட்டும் வாசலைப் பார்த்தான். படம் அவனை விட்டு நகரவில்லை. எனக்கா தெரியாது? எத்தனை கதை படித்தவன் நான்.

அவள் படபடப்போடு மறுத்தாள். அது அப்படி இல்லை, நான்தான் தப்பாக நிறுத்திவிட்டேன் என்றாள். மாமனார் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். வெளியில் சொல்லமாட்டேன், பயப்படாதே என்றார்.

மறுநாள் அவள் எடிட்டிங் அறையில் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். இந்த முறை மாமனாரின் கண்ணால் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். அது துக்கப்பட்ட முகம் இல்லை. எதையோ மறைக்கிற முகம். தான் எப்படி இதைத் துக்கம் என்று நினைத்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அந்த நடிகர் தொலைக்காட்சியில் வருடக்கணக்காகத் துப்பறிபவராக நடித்தவர். படப்பிடிப்பில் அவரைத் துப்பு சார் என்றுதான் கூப்பிட்டார்கள். கொலைகாரன் யாரென்று தெரியாமல் எப்படி சார் உட்காருவது, முதுகை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று முதல் நாளிலிருந்து அவர் புலம்பிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது. அந்த ஷாட்டின் வெட்டாத துண்டைத் தேடி எடுத்தாள். கேமரா ஓட ஆரம்பித்ததிலிருந்து 'ஆக்‌ஷன்' என்று குரல் வரும்வரை எந்த எடிட்டரும் சத்தத்தைக் கேட்பதில்லை. அது வெட்டி எறிகிற பகுதி. அவள் சத்தத்தைக் கூட்டினாள். நடிகரின் சட்டைக்குள் இருந்த மைக்கில் கணவனின் குரல், காதோரம் பேசுகிற குரல், தெளிவாகக் கேட்டது.

"நீங்கதான் சார். நீங்கதான் செஞ்சீங்க. யாருக்கும் சொல்லாதீங்க."

கணவன் வந்ததும் அவள் கதவைச் சாத்தினாள். அதைப் போட்டுக் காட்டினாள். அவன் நின்றபடியே கேட்டான். அந்த ஆள் தொல்லை தாங்கவில்லை, அவர் வாயை அடைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்றான். கொலைகாரன் யாரென்று கேட்டது அவர் ஒருவர்தானே என்றான்.

"வேற யாராவது கேட்டிருந்தா, நீங்கதான்னு சொல்லியிருப்பியா?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தெரியல," என்றான். பிறகு, "அத்தானை நான் நம்பறேன். தினமும் நம்பறேன். காலைல எந்திரிச்சு, முகம் கழுவி, நம்பறேன். தினமும் புதுசா நம்ப வேண்டியிருக்கு பாரு. அதான்," என்றான்.

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவேண்டியது. வரவில்லை. இந்தப் படத்தை எடுக்க அவன் பட்ட பாடெல்லாம் அவளுக்குத் தெரியும். கொலைகாரன் இல்லாமல் ஒரு கொலைப்படம் எடுக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னவன், கடைசியில் ஒருவர் காதிலாவது ஒரு கொலைகாரனைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

படத்தில் அந்த முகம் கூடுதலாக நின்ற துண்டை அன்றே அவள் வெட்டினாள். மற்ற முகங்களின் அளவுக்குக் கொண்டுவந்தாள். வெட்டிய இடம் தெரியவில்லை. ஆனால் மாமனார் மனதுக்குள் ஓடுவதை எந்த மெஷினில் வைத்து வெட்டுவது?

ஒரு வாரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அடுத்த ஞாயிறு அண்ணா வரவில்லை. வழக்கமாக அவர் வரும் நேரத்தில் மாமனாரை எடிட்டிங் அறைக்குக் கூட்டிப்போனாள். திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அதே காட்சி, அதே கேள்வி, அதே செருப்பு. ஆனால் இந்த முறை எதிர்வீட்டுக்காரியாக நடித்தவளின் முகத்தில் நின்றாள். அடுத்து காவல்காரர் முகத்தில். அடுத்து மருந்துக் கடை முதலாளி முகத்தில். ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் ஐந்து பேரும் அப்பாவிகளாகிவிட, அந்த ஒரு முகம் கொலைகார முகமாகியது. முதலில் மாமனார் ரசித்தார். அட, இந்தம்மாவேதான் போலிருக்கே என்று சிரித்தார். காவல்காரரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அடுத்ததற்கு அவர் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"போதும்மா," என்றார்.

அவள் நிறுத்தினாள்.

"அப்ப யாரும்மா?"

"தெரியாது மாமா. யாருக்கும் தெரியாது."

அவர் தலையாட்டினார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் ஒரு மூலையில தெரியும். மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் இல்லன்னு. அவ பேரை அவர் சொல்ற மாதிரி வேற யாரு சொல்லுவா?" என்றார். "ஆனா நான் தூங்கறேம்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"அவ போனதுலேர்ந்து ராத்திரி கண்ண மூடினா ஊர்ல இருக்கற அத்தனை பேரும் வரிசையா வந்து நிப்பாங்க. பால் போடறவன், பஸ்ல டிக்கெட் குடுக்கறவன், பேங்க்ல பேனா இரவல் கேட்டவன். ஒவ்வொருத்தனையா, நீயா நீயான்னு கேக்கணும். விடிஞ்சிடும். இப்ப ஒரே ஒரு ஆளுதான் வர்றான். ஒரு ஆளு நின்னா பரவாயில்ல, திரும்பிப் படுத்துக்கலாம்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, அந்த இடத்தைப் படத்திலிருந்து எடுத்துவிட்டேன் என்றாள்.

"எடுத்துக்கம்மா," என்றார் அவர். குரலில் வருத்தம்கூட இல்லை. "எனக்கு மனப்பாடம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழக்கமாகப் பிடிக்கமாட்டார்.

அண்ணாவிடம் யாராவது சொல்லியாக வேண்டும். கணவன் சொல்லமாட்டான் என்று தெரியும். அவள் மறுநாள் மதியம் அவர் வேலை செய்யும் அலுவலகக் கட்டடத்துக்குப் போனாள். கண்ணாடியும் சலவைக்கல்லுமாக நின்ற பெரிய கட்டடம். 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகை மாட்டிய லிஃப்ட் மேல்தளத்தில் நின்றிருந்தது. படியேறிப் போனாள். அண்ணா கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, என்னம்மா இவ்வளவு தூரம், அப்பாவுக்கு ஒன்றுமில்லையே என்றார். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அவள் எதையும் மறைக்கவில்லை. தான் நிறுத்திய முகத்தையும், மாமனார் அதில் படித்ததையும், அவர் இப்போது தூங்குவதையும் சொன்னாள். கணவன் நடிகர் காதில் சொன்னதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படுவார், குறைந்தது எழுந்து நடப்பார் என்று நினைத்தாள்.

"தூங்கறாரா?" என்றுதான் கேட்டார். "மாத்திரை இல்லாமயா?"

"மாத்திரை இல்லாம."

"அப்ப விட்டுடும்மா. அவரு தூங்கட்டும்."

"அண்ணா, நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரியுதா? வாழ்நாள் முழுக்க உங்களை..."

"தெரியுது." துணியை மடித்து முழங்கால்மேல் வைத்தார். "எனக்கு அந்த வீட்டை விட்டா அவளைப் பத்திப் பேச வேற இடம் இல்ல. அதான் கஷ்டம். நீ எப்பவாவது ஃபோன் பண்ணு. பிரஷர் மாத்திரையை அவரு ராத்திரி மறந்துடுவாரு, அத மட்டும் பாத்துக்க."

எவ்வளவு நல்ல மனிதர் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு முழுதாக முடிவதற்குள், அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது. செய்யாதவன் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வானா? எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவள் அதைக் கூப்பிடவில்லை. வந்து உட்கார்ந்துகொண்டது.

அண்ணா எழுந்து போய்ப் பலகையைக் கழற்றினார். வேலை முடிந்துவிட்டது, கீழே ஒரு முறை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். கதவைத் திறந்து, காலால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா, இறக்கி விடறேன். எதுக்கு இத்தனை படி இறங்கற?"

அவ்வளவு பெரிய கட்டடத்துக்குச் சிறிய பெட்டி. இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும். அவள் வாசலில் நின்றாள். உள்ளே கால் எடுத்து வைக்க ஒரு கணம்தான் ஆகும். அந்தக் கணம் நீண்டது. நீள்வது அவளுக்கே தெரிந்தது. எத்தனையோ முகங்களில் அளந்து அளந்து வெட்டியவளுக்கு, எவ்வளவு நீண்டால் எதிரில் நிற்பவருக்குப் புரிந்துபோகும் என்பதும் தெரிந்தது.

அண்ணா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கதவின் மேல்பக்கம் எதையோ சரிபார்ப்பவர்போலத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"இல்லம்மா, நீ படியிலயே போ," என்றார். "எனக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

அவள் உள்ளே போனாள். போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவர் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் ஒரு குலுக்கலும் இல்லாமல் இறங்கியது. இருவரும் கதவுக்கு மேலே மாறிக்கொண்டிருந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.